பாத்துக்கினு இருக்கேன் சார்

உட்காரத் தெரிந்த மனிதர் என்று விழுப்புரம் மாவட்டத்தில் நான் பார்த்தது ஒரே ஒருவரைத்தான். மற்றவர்கள் எல்லாம் எங்கோ கொண்டுவந்து வைக்கப்பட்டவர்கள். நானும் அதில் அடக்கம். அவருடைய பெயர் சீசன் டிக்கெட்டில் இருந்திருக்கும். எங்கள் ரயில் பெட்டியில் யாருக்கும் அது தேவைப்படவில்லை. சீட்டு பாய் என்றால் போதும்.

திண்டிவனத்தில் ஒரு மூக்குக் கண்ணாடிக் கடையில் அவருக்கு வேலை. வீடு விழுப்புரத்தில். எனக்கும் வீடு விழுப்புரம், ஆபீஸ் திண்டிவனம். காலை பாசஞ்சரில் போய் மாலையில் திரும்புவோம். இரண்டு ஊர் ஸ்டேஷன் ஸ்டாண்டிலும் ஆளுக்கொரு சைக்கிள் வைத்திருந்தோம். இதுவரை சமம். அவருக்கு சைக்கிள் ஓட்டினால் எங்கும் வலிக்காது. எனக்கு, எங்கே வலிக்கிறது என்று ஒரு பத்திரிகையில் எழுத முடியாத இடத்தில் வலிக்கும். பொறாமை அங்கேதான் ஆரம்பித்தது. என் டைரியில் இருக்கிறது: தை மாதம், ஒரு வியாழக்கிழமை.

அன்றுதான் அவருடைய கட்டைப்பைக்குள் இருப்பது சாப்பாடு இல்லை என்று தெரிந்துகொண்டேன். உள்ளே இரண்டு சைக்கிள் சீட்டுகள். ஒன்று அகலமானது, தோல் போர்த்தியது, அடியில் ஸ்பிரிங் வைத்தது. வளைகுடாவிலிருந்து அவர் மச்சான் கொண்டுவந்தது. அது விழுப்புரத்து சைக்கிளுக்கு. இன்னொன்று குறுகலானது, திண்டிவனத்து சைக்கிளுக்கு. காலையில் விழுப்புரம் ஸ்டாண்டில் அகலத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வார். திண்டிவனத்தில் இறங்கிக் குறுகலை மாட்டுவார். மாலையில் இதே காரியம் தலைகீழாக. ஸ்பேனரை ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் பஞ்சுத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"ஒரே ஆளு, ரெண்டு வண்டி. ஒரு சீட்டையே மாத்தி மாத்திப் போட்டுக்கினா போதாதா பாய்?" என்று கேட்டேன்.

"ஒரே கண்ணுதான் சார் பேப்பரும் படிக்குது, பஸ் போர்டும் படிக்குது. ஒரே கண்ணாடி போதுமா?"

"ரெண்டுக்கும் சேத்து பைஃபோகல் இருக்கே."

"சீட்டுலயும் பண்ணலாம் சார். நடுவுல ஒரு கோடு வரும். நீங்க அந்தக் கோட்டு மேலதான் ஒக்காரணும்."

பெட்டி சிரித்தது. நான் படித்தவன், நூலகத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி உண்டு. ஆனால் என் பேச்சுக்கு இந்தப் பெட்டி ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

அவருடைய கொள்கை தெளிவானது. விழுப்புரத்து சைக்கிளில் நிமிர்ந்து உட்கார வேண்டும், உடம்பின் பாரம் முழுவதும் சீட்டில் இறங்கும், ஆகவே அகலம். திண்டிவனத்து சைக்கிளுக்கு ஹேண்டில்பார் தாழ்வு. குனிந்தால் பாதி பாரம் கைக்குப் போய்விடும். அதில் அகலமான சீட்டைப் போட்டால் தொடை உரசும். ஆகவே குறுகல். இது போதாதென்று புதன்கிழமைகளில் ஓமந்தூர்ப் பக்கம் கண்ணாடி கொடுக்கப் போவதற்குக் கடையில் ஒரு கேரியர் சைக்கிள். அதற்கு மூன்றாவது சீட்டு, கவுண்டருக்கு அடியில், பழைய வேட்டியில் சுற்றி.

"ஸ்டாண்டுலயே வுட்டுட்டு வர்றதுதான பாய்?"

"கண்டவங்க ஒக்காருவாங்க சார். தோலு சீட்டுக்கு ஞாபகம் ஜாஸ்தி. நாலு பேரு ஒக்காந்தா கொழம்பிப் பூடும்."

நாங்கள் துண்டும் டிபன் பாக்ஸும் போட்டு ரயிலில் இடம் பிடித்தோம். அவர் அகலமான சீட்டை ஜன்னலோரம் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். துண்டைத் தள்ளி வைக்கலாம், டிபன் பாக்ஸைத் தூக்கி மேலே வைக்கலாம். ஒரு சைக்கிள் சீட்டை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியாது. வண்டி கிளம்பும் அவசரத்தில் ஏறி வருகிறவர்கள்கூட அதைப் பார்த்ததும் மரியாதையாக ஒதுங்கி நிற்பார்கள். ஒரு நாள் அவருக்கு முன்பே வந்து அந்த இடத்தில் என் டைரியைப் போட்டேன். திரும்பிப் பார்ப்பதற்குள் ஒருவர் அதன்மேல் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

புதிதாக வந்த ஓர் அம்மாள், எல்லோரும் சீட்டு பாய் என்று கூப்பிடுவதைக் கேட்டு, அரை மணி நேரம் யோசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பாய், நீங்க நடத்துறது மாசச் சீட்டா, ஏலச் சீட்டா?"

"நிமிந்து ஒக்கார்றதுக்கு ஒண்ணும்மா, குனிஞ்சி ஒக்கார்றதுக்கு ஒண்ணு" என்றார் பாய்.

அந்த அம்மாள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

இதெல்லாம்கூட எனக்குப் பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இருந்தது. பொறுக்க முடியாதது அவருடைய தீர்ப்பு. எதிரே உட்கார்ந்திருப்பவரை முண்டியம்பாக்கத்தில் பார்க்க ஆரம்பிப்பார். விக்கிரவாண்டி தாண்டும்போது தலையைச் சாய்த்துப் பார்ப்பார். பேரணி வந்ததும் சொல்லிவிடுவார். எங்கள் பெட்டியில் வரும் டீச்சருக்கு இடுப்பு வலி.

"டீச்சர், நீங்க முன்னாடி சரிஞ்சி சரிஞ்சி பின்னாடி நவுந்துக்கினே வர்றீங்க. வண்டிலயும் அப்பிடித்தான் பண்ணுவீங்க. சீட்டு மூக்க ஒரு நூலு மேல தூக்கச் சொல்லுங்க."

"மூக்குன்னா?"

"முன்னாடி கூம்பா இருக்குதே, அது. கண்ணாடிக்கும் மூக்குதான் முக்கியம், சீட்டுக்கும் மூக்குதான்."

மறு வாரம் திங்கட்கிழமை டீச்சர் வலி போய்விட்டது என்று பெட்டி முழுவதற்கும் அறிவித்தார். பிறகு வரிசையாக எல்லோருக்கும் தீர்ப்பு வந்தது. வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கும் அண்ணனைப் பார்த்து, "ஒனக்கு ஸ்பிரிங் ஆவாதுண்ணே, கெட்டி சீட்டுதான்" என்றார். மல்லாட்டை அண்ணனிடம் சைக்கிளே கிடையாது. அவருக்குக்கூடச் சொன்னவர் எனக்குச் சொல்லவில்லை.

"பாய், என்னைப் பாத்து ஒண்ணும் தோணலையா?"

"பாத்துக்கினு இருக்கேன் சார்."

மறுநாளும் அதே பதில். மறு மாதமும். டைரியில் முழுதாக எழுதிச் சலித்துப்போய், 'பா.இ.' என்று சுருக்கக் குறி வைத்துக்கொண்டேன்.

இடையில் நானே தேர்ந்தெடுத்த சீட்டுகள் இவை: மாசியில், எண்ணெய்ச் சட்டி போல நடுவில் குழிந்த ஒன்று. வைகாசியில் மெத்தை வைத்த ஒன்று. ஒரே மழையில் அது தண்ணீரைக் குடித்து, நான் உட்காரும்போதெல்லாம் ஆபீஸ் வரைக்கும் திருப்பிக் கொடுத்தது. ஆவணியில் மேலே மாட்டும் உறை. அது ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன். எல்லாவற்றையும் இரண்டு சைக்கிளிலும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். வலி மட்டும் மாறவில்லை.

ஐப்பசியில் என் மனைவி பேச்சை முடித்தாள். "கார்த்திகைக்குள்ள ரெண்டு சைக்கிளையும் குடுத்துட்டு ஸ்கூட்டி எடுத்துடணும். மார்கழில வண்டி எடுக்கக் கூடாது. தை வரைக்கும் உங்க முனகல கேட்டுக்கினு இருக்க என்னால ஆவாது."

அவள் சொன்னது நியாயம். ஆனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் மிதிக்கும் அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான் ஒரு நாளில் எனக்கென்று இருப்பது. வீடு முடிந்துவிட்டது, ஆபீஸ் ஆரம்பிக்கவில்லை. அதை விட்டுவிட்டால் என்னிடம் மீதி இருப்பது டைரிதான்.

ஆகவே தீர்ப்பை எப்படியாவது வாங்கிவிடுவது என்று இறங்கினேன். அவர் எதிரே ஒழுங்காக உட்கார்ந்தால் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். முதுகை நிமிர்த்தி, முழங்காலைச் சேர்த்து, கையைத் தொடைமேல் வைத்து உட்கார்ந்தேன். உட்காருவது பற்றி நூலகத்தில் கிடைத்த இரண்டு புத்தகங்களையும் படித்தேன். வீட்டில் கண்ணாடி எதிரே நாற்காலி போட்டுப் பழகினேன்.

"இன்னாத்துக்கு இது, போட்டோவா புடிக்கப் போறாங்க?" என்றாள் மனைவி.

பாய் என்னை முண்டியம்பாக்கத்திலிருந்து மயிலம் வரை பார்ப்பார். பெருமூச்சு விடுவார். "பாத்துக்கினு இருக்கேன் சார்."

கார்த்திகை முடிய மூன்று நாள். செவ்வாய்க்கிழமை. ஓர் எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டுப் பேரணியில் வண்டி நின்றது. வெகுநேரம் கிளம்பவில்லை. பெட்டி முழுவதும் இறங்கிப் பிளாட்பாரத்தில் நின்றது. பாயும் இறங்கினார். போகும்போது, பழக்கதோஷத்தில், அகலமான சீட்டைத் தன் இடத்தில் வைத்துவிட்டுப் போனார்.

நானும் அந்தச் சீட்டும் தனியாக இருந்தோம்.

பதினோரு மாதமாக அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தேய்ந்து பளபளத்த தோல், இரண்டு பக்கமும் லேசான பள்ளம். நான் இந்தப் பக்கம் பார்த்தேன், அந்தப் பக்கம் பார்த்தேன், எழுந்து போய் அதன்மேல் உட்கார்ந்தேன். ரயில் பலகைமேல் சைக்கிள் சீட்டு, அதன்மேல் நான். காலைப் பரப்பி எதிர்ப் பலகையின் விளிம்பில் ஊன்றினேன். முதுகு தானாக வளைந்தது. வயிறு வெளியே வந்தது. கழுத்து ஒரு பக்கம் சாய்ந்தது. எங்கும் வலிக்கவில்லை. ஸ்கூட்டியை மறந்தேன். கண்ணை மூடிவிட்டேன் என்றும் நினைக்கிறேன்.

"அப்பிடியே இருங்க சார். அசையாதீங்க."

ஜன்னல் கம்பிக்கு வெளியே பாயின் முகம். அதற்குப் பின்னால் டீச்சர், மல்லாட்டை அண்ணன், எங்கள் பெட்டி முழுவதும்.

"மன்னிச்சிக்குங்க பாய், சும்மா..."

"பேசாதீங்க. பேசுனா நிமிந்துடுவீங்க." அவர் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "இத்தினி மாசமா நீங்க என் எதிர்ல ஒக்காரவே இல்ல சார். பரேட்லதான் இருந்தீங்க. நான் எதப் பாத்து சொல்றது? இன்னைக்குதான் ஒக்காந்தீங்க."

"என்ன சீட்டு பாய்?"

முதல்முறையாக பாயின் முகத்தில் ஒரு சங்கடத்தைப் பார்த்தேன்.

"நீங்க ஒக்காந்துக்கினு இருக்கிறதுதான் சார். என்னுதுதான். அந்தப் பள்ளம் ரெண்டும் எனக்கு விழுந்தது. உங்களுக்கும் அதே எடத்துல பொருந்துது." ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆனா குடுக்க மாட்டேன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே பவரா?" என்றார் டீச்சர்.

பதினோரு மாதம் ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட பிறகு, நீயும் நானும் ஒரே மாதிரிதான் உட்காருகிறோம் என்று அவரே சொன்னால், அந்தப் பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மயிலம் தாண்டுவதற்குள் பாயே வழி கண்டுபிடித்தார். திண்டிவனத்தில் அவர் ஓட்டுவது குறுகல். பகல் முழுவதும் அகலம் பையில் சும்மா கிடக்கிறது. என் திண்டிவனத்து சைக்கிளோ நிமிர்ந்து ஓட்டுவது. ஸ்டேஷன் வாசலில் கண்ணாடிக் கூட்டைத் திறந்து, தன் கையாலேயே அதை என் சைக்கிளில் மாட்டினார்.

"வேற யாரையும் ஒக்கார வெச்சிடாதீங்க சார்."

விழுப்புரத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்கு பாய் சீட்டின் அளவுகளை எடுத்து அதேபோல் ஒன்றைச் செய்து வாங்கினேன். அது சுமார்தான். ஆனால் என் மனைவி கார்த்திகை முடியும்வரை என் முனகலுக்காகக் காத்திருந்து, முனகல் வராததால் ஸ்கூட்டிப் பேச்சை விட்டுவிட்டாள். இரண்டு வருடம் அந்த ஒரே சீட்டு காலையும் மாலையும் அவரிடமும், பகலில் என்னிடமும் இருந்தது. தோல் கொஞ்சமும் குழம்பவில்லை.

போன ஆனியில் மச்சான் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து, கோட்டக்குப்பத்தில் சொந்தமாகக் கண்ணாடிக் கடை போட்டார். பாய் குடும்பத்தோடு அங்கே போய்விட்டார். கடைக்கு நடந்தே போகலாமாம். கடைசி நாள் திண்டிவனத்தில் மாட்டிய சீட்டை மாலையில் நான் திருப்பிக் கொடுத்தபோது, அவர் கட்டைப்பையின் வாயை மூடிக்கொண்டார்.

"இருக்கட்டும் சார். அது இப்ப உங்களத்தான் ஞாபகம் வெச்சிருக்கும்."

கோட்டக்குப்பத்தில் இப்போது அவர் எதிரே போய் உட்கார்ந்து கண்ணாடி வாங்குகிறவர்கள்மேல் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போன் செய்து, ஒரு நாள் பாசஞ்சரில் வந்துபோகச் சொல்கிறேன்.

"பாத்துக்கினு இருக்கேன் சார்" என்கிறார்.

டைரியில் 'பா.இ.' என்று குறித்துக்கொள்கிறேன். காலையில் ரயிலில் அந்தச் சீட்டை எனக்கு எதிரே ஜன்னலோரம் வைத்துவிட்டு உட்காருகிறேன். யாராவது வந்து ஆள் வருதா என்று கேட்டால், வருது என்கிறேன்.