மைனாவின் நாடகமும் என் வலது காலும்

பாசத்துக்குரிய அக்காவுக்கும் மரியாதைக்குரிய மாமாவுக்கும், தம்பி வணக்கத்துடன் எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் வலது கால் மட்டும் சௌக்கியமாக இல்லை, கட்டைவிரல் வீங்கியிருக்கிறது. அது எப்படி வீங்கியது என்று சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். மாமாவுக்கு இரத்த அழுத்தம் இறங்கியிருக்கும் என்று நம்புகிறேன். இறங்கவில்லை என்றால் இதை ஒரே மூச்சில் அவரிடம் படித்துக் காட்டாதே.

மாமாவின் அலுவலகத்தில் வரவேற்பு மேசை வேலையை மைனாவுக்காகப் பேசி வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். கடிதத்தை அவளிடம் காட்டினேன். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன், கோபிக்கவில்லை. "அத்தை சொல்றது நியாயம்தாம்ப்பா. இந்த நாடகமும் படுத்துடுச்சுன்னா நான் போய் அந்த மேசையில உட்கார்றேன்" என்றாள். பேச ஆரம்பித்த நாளிலிருந்து வாய் மூடாததால் மைனா என்று பெயர் வாங்கியவள், அதைச் சொல்லிவிட்டு அன்று முழுக்க வாயே திறக்கவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

அவளுடைய மேடை வாழ்க்கை உனக்குத் தெரியாதது இல்லை. முதல் இசை நாடகத்தில் ராஜாவின் குதிரைக்குப் பின்னங்கால்களாக நடித்தாள். குனிந்தபடியே இரண்டு பாட்டுக்கு ஆடினாள். மறுநாள் பத்திரிகையில் 'குதிரையின் பின்னங்கால்கள் முன்னங்கால்களைவிட நன்றாகத் தாளம் பிடித்தன' என்று வந்தது. அதைக் கத்தரித்து என் டிரைவிங் ஸ்கூலில் ஒட்டி வைத்தேன். வண்டி பழக வருகிறவர்களெல்லாம் அது ஏதோ புதிய சாலை விதி என்று நினைத்துப் படித்துவிட்டு என்னிடம் சந்தேகம் கேட்கிறார்கள். அதற்கப்புறம் அவள் புயலாக வந்தாள், சந்தைக் கூட்டமாக வந்தாள், தொண்டை கட்டிய ஒரு நட்சத்திரத்துக்காகத் திரைக்குப் பின்னாலிருந்து பாடினாள். விமர்சனம் எழுதுகிறவர்கள் விளக்குப் போட்டவரைக்கூட விடாமல் பாராட்டிவிட்டு, கடைசியில் 'மற்றும் பலர் நடித்திருந்தனர்' என்று முடிப்பார்கள். அந்தப் பலரில் ஒருத்தியாகவே நம் பெண் காலம் தள்ளினாள்.

இந்தமுறை கதாநாயகியாக இருந்தவள் தொப்பி அளவு சரியில்லை என்று டைரக்டரோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட, எல்லாப் பாட்டும் மனப்பாடமாகத் தெரிந்த மைனாவைக் கூப்பிட்டார்கள். கலங்கரை விளக்கக் காவலனின் மகளைப் பற்றிய நாடகம். மேடையின் நடுவில் வட்டமாக ஒரு சுழல்மேடை, அதன்மேல் விளக்குக் கோபுரம். மோட்டாரைப் போட்டால் கோபுரம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கவேண்டும், அதில் இவள் நின்று பெரிய பாட்டைப் பாடவேண்டும். இவ்வளவுதான் ஏற்பாடு.

முதல் நாள் எனக்கும் என் மனைவியான உன் நாத்தனாருக்கும் மூன்றாவது வரிசையில் இடம். எனக்கு ஒரு வியாதி உண்டு, அக்கா. பழகுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்தே வாழ்ந்தவன் நான். எது நகர்ந்தாலும் என் வலது கால் தானாக மிதிக்கும். கோபுரம் அசைந்ததுதான் தாமதம், முன் இருக்கையை ஓங்கி மிதித்துவிட்டேன். முன்னால் இருந்த மெலிந்த மனிதர் திரும்பி, "சார், அது என் முதுகு" என்றார். "மன்னிச்சுக்கோங்க சார், வளைவு வருது" என்றேன். அவர் முதுகைத் தடவிக்கொண்டே திரும்பிக்கொண்டார்.

கோபுரம் ஒரு சுற்றுச் சுற்றியது. நிற்கவில்லை. சுவிட்ச் ஒட்டிக்கொண்டுவிட்டதாம். முதல் வரியைப் பாடிக்கொண்டிருந்த மைனா அப்படியே முதுகைக் காட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பின்பக்கம் முன்னால் வந்தது. வெறும் பலகை, ஆணி, டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு தச்சர், இடுப்பில் துண்டோடு ஒரு கிழவர். கிழவர்தான் காவலன், அடுத்த காட்சிக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார். அவர் சபையைப் பார்த்தார், சபை அவரைப் பார்த்தது, ஒரு கும்பிடு போட்டபடியே சுற்றிக்கொண்டு போனார். மறுபடி மைனா வந்தாள். பாட்டு நின்றுபோயிருந்தது. வாத்தியக்காரர்கள் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்தேன், அக்கா. அந்த வரவேற்பு மேசையில் உட்கார்ந்துவிட்ட முகம் அது. அதற்குமேல் எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. எழுந்து நின்று, "மைனா, பயப்படாத, எதிர்த்துப் போ, அப்பா பிரேக் போடுறேன்" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நில்லாமல் முன் இருக்கையை மிதி மிதி என்று மிதித்தேன். உன் நாத்தனார் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "உட்காருங்க, ஊரே பாக்குது" என்றாள்.

ஆனால் மைனா நடந்தாள். மேடை ஒரு பக்கம் சுற்ற, இவள் எதிர்ப்பக்கம் நடந்தாள். அதனால் இவள் எங்கள் கண்முன்னாலேயே இருந்தாள். கோபுரமும் கடலும் தச்சரும்தான் இவளைச் சுற்றிப் போனார்கள். முதல் வரியிலிருந்து எடுத்துப் பாடினாள். கிழவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு துணி கூடுதலாகப் போட்டுக்கொண்டு வந்தார். கால்சட்டையில் ஒரு கால், பிறகு இரண்டு கால், பிறகு கோட்டு. கடைசிச் சுற்றில் முழுச் சீருடையில் வந்து சலாம் வைத்தார். பாட்டு முடிந்ததும் யாரோ மின்சாரத்தையே அணைத்தார்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது.

இடைவேளையில் இருக்கை காட்டுகிறவர் என் காதோடு, "நீங்க உதைச்சது யாரைன்னு தெரியுமா? கத்தரி சார்" என்றார். பெரிய பத்திரிகையின் விமர்சகர். அவர் கத்தரித்துப் பாதியில் மூடிய நாடகங்கள் எத்தனையோ. பெற்ற அப்பனே பெண்ணின் பிழைப்பை உதைத்துக் கெடுத்துவிட்டேனே என்று மீதி நாடகத்தைக் காலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்து பார்த்தேன்.

காலையில் பத்திரிகை வந்து வாசலில் கிடந்தது. மைனா தொடவில்லை, நான் தொடவில்லை. கடைசியில் உன் நாத்தனார்தான் எடுத்து உரக்கப் படித்தாள். 'சுழலும் உலகத்தை எதிர்த்து நடந்தபடியே, ஒரு சுரம் பிசகாமல் பாடுகிறார் இந்த நடிகை. அரைகுறை ஆடையில் தொடங்கிச் சீருடையில் முடியும் கிழவர், ஒரு முழு வாழ்நாளையே காட்டிவிடுகிறார். பார்வையாளர் நடுவிலிருந்து எழும் தகப்பனின் குரல் டைரக்டரின் துணிச்சலான உத்தி. அது நம் முதுகுவரை வந்து தொடுகிறது.' படித்து முடித்துவிட்டு அவள் என் காலைப் பார்த்தாள். மைனா சிரிக்க ஆரம்பித்தவள், அழுது, மறுபடி சிரித்தாள்.

முந்தின நாள் எலக்ட்ரீஷியனைத் துரத்திக்கொண்டு ஓடிய டைரக்டர், பத்திரிகையைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கே வந்துவிட்டார். "எல்லாம் நான் யோசிச்சு வச்சதுதான் சார். அந்த சுவிட்ச்சை யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன். நீங்களும் தினமும் வந்து கத்தணும்" என்றார். அன்றிலிருந்து நானும் நடிகன். ஒருநாள் கத்தும்போது குரலை லேசாக நடுங்கவிட்டுப் பார்த்தேன். "உருக்கம் வேண்டாம் சார், பழையபடியே கத்துங்க" என்று டைரக்டர் திருத்தினார். வண்டி பழகுகிறவர்கள்தான் பாவம், பிரேக் போடச் சொன்னால் கைதட்டுகிறார்கள்.

ஆகையால், அக்கா, மைனா அந்த வேலைக்கு வரவில்லை என்று மாமாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு. வருகிற சனிக்கிழமை நீங்கள் இருவரும் அவசியம் வரவேண்டும். மேடை நிற்காமல் சுற்றுவதையும் உன் தம்பி கத்துவதையும் கண்ணாரப் பார்க்கலாம்.

மாமாவுக்கு என் வணக்கம். பேரன் பேத்திகள் நீண்ட ஆயுளோடும் நல்ல பசியோடும் இருக்க எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் நேற்றைய நாடகம் நடந்து முடிந்துவிட்டது. பத்திரிகை படிக்காத புது எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, யாரையும் கேட்காமல் சுவிட்ச்சைச் சரிசெய்துவிட்டார். கோபுரம் ஒரு சுற்றுச் சுற்றி, சொன்னபடி கேட்கும் பிள்ளையாக நின்றது. தச்சர் வரவில்லை, கிழவர் வரவில்லை. மைனா ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தாள். அப்புறம் நின்ற இடத்தில் நின்று, கையைக்கூட அசைக்காமல் பாடினாள். அந்தப் பாட்டில் இவ்வளவு இருக்கிறது என்று எனக்கு நேற்றுவரை தெரியாது. நான் கத்தவேண்டிய இடம் வந்து, போயும்விட்டது. பக்கத்தில் உன் நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிந்தபோது முதல் நாளைவிடப் பலமாகக் கைதட்டினார்கள். டைரக்டர் என்னிடம் வந்து, "வசனத்தை மறந்துட்டீங்களே சார். பரவாயில்ல, இனிமே நீங்க வரவேண்டாம். அவங்களே போதும்" என்றார். ஆக, நான் நாடகத்தை விட்டுவிட்டேன். நீங்கள் சனிக்கிழமை வந்து, அவள் சும்மா நிற்பதைப் பாருங்கள்.