கேள்வி கேட்கக் கூடாத அறை

புது டீச்சர் கடைசி அறையின் கதவைத் திறந்தாள். அவன் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தான். மீசைகூட சரியாக முளைக்கவில்லை. மடியில் பை, பார்வை தரையில்.

பள்ளியே வேண்டாம் என்று ஒதுங்கிய பிள்ளைகளோடு பழகுவதற்கான பயிற்சி அது. அதில் காலை வகுப்பில் இருந்த அவளுக்கு இன்று பரீட்சை. "அந்த அறைக்கு ஒரு பிள்ளை வரும். ரொம்ப அடிபட்ட மனசு. பேரைக்கூடக் கேட்காதீங்க. மிரண்டுச்சுன்னா இனி எந்தப் பள்ளி வாசலையும் மிதிக்காது," என்று பயிற்சியாளர் எச்சரித்திருந்தார். போன வாரம் வந்த பிள்ளை நாற்காலியைத் தூக்கி எறிந்ததாகவும் கேள்வி.

போதாக்குறைக்குக் காவலாளி வேறு டீச்சரின் சின்ன முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த வகுப்பு பாப்பா?" என்று கேட்டிருந்தார். கொஞ்சநஞ்ச தைரியமும் வாசலிலேயே போய்விட்டது.

இடைவெளி முக்கியம் என்று நாற்காலியைப் பின்னுக்கு இழுத்தாள். அவனும் இழுத்தான். சுவரில் போய் முட்டிக்கொண்டான்.

ஆரம்பமே சொதப்பல். முறைப்பதுபோல் தெரியக்கூடாதென்று பக்கவாட்டில் திரும்பினாள். அவனும் திரும்பினான். இப்போது ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவசரமே இல்ல," என்றாள் மெதுவாக.

"ஆமா, அவசரமே இல்ல," என்றான் அவன், அதைவிட மெதுவாக.

கிண்டலா, மிரட்டலா?

வெளியே போக வழி தெரிந்தால் பயம் குறையும் என்பது இன்னொரு பாடம். எழுந்துபோய்க் கதவை விரியத் திறந்து வைத்தாள். அவன் சட்டென்று எழுந்து ஜன்னலைத் திறந்தான். குதிக்கப் போகிறான் என்றே நினைத்தாள். அலறாமலிருக்கக் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டாள்.

கடைசி முயற்சியாகத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மேசைமேல் அவன் பக்கம் நகர்த்தினாள். அவனும் தன்னுடையதைத் திறந்து நகர்த்தினான். இரண்டும் மோதிக் கவிழ்ந்தன. மேசையெல்லாம் தண்ணீர்.

வேலை போனால் போகட்டும், ஒரு பிள்ளையின் வாழ்க்கையையே கெடுத்துவிட்டோமே என்று அவளுக்குக் கண் கலங்கியது. அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

"பயப்படாத, நான் ஒண்ணும் பண்ணமாட்டேன்," என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

அப்போது வாசலிலிருந்து ஒரு பெண் கையில் துணியோடு மெல்ல உள்ளே வந்தாள். பதினைந்து வயதிருக்கும். இருவரையும் நேராகப் பார்க்காமல் மேசையைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

"காலை வகுப்பு டீச்சரும் மாலை வகுப்பு சாரும் உள்ள இருப்பாங்கன்னு சொல்லி என்னை அனுப்பினாங்க. ரெண்டு பேர்ல யாரை முதல்ல தேத்துறதுன்னு தெரியல, அதான் வாசல்லயே உட்கார்ந்துட்டேன்."