பூச்சி பாயும் ஓட்டைத் திரைச்சீலையும்

கோயம்புத்தூரில் புழுவுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் எங்கள் பூச்சி பாய்தான். கம்பளிப்பூச்சியைக்கூட 'அவுங்க' என்பார்.

திரைச்சீலையும் படுக்கை விரிப்பும் தயாரிக்கும் எங்கள் கம்பெனியில் அவர் டிசைனர். நான் பக்கத்து மேஜையில் ஆர்டர்களைக் கவனித்துக்கொண்டவன். ரோஜாப்பூ வரையச் சொன்னால் பாய்க்குக் காய்ச்சலே வந்துவிடும். "பூவை எல்லாருந்தான் பாக்கறாங்க. பாக்காததைப் போடோணுமுங்க" என்பார்.

ஒருமுறை இருவரும் மேட்டுப்பாளையத்துக்குப் பஸ்ஸில் போனோம். முன் சீட்டுக்காரர் மடியில் ஒரு பலாப்பழம். அதன் முள்வரிசையைப் பாய் வரைய ஆரம்பித்தார். காரமடையில் பழத்துக்காரர் இறங்கினார். பாதி வரைந்திருந்த பாயும் பின்னாலேயே இறங்கிவிட்டார். மேட்டுப்பாளையத்துக்கு நான் மட்டும் போய்ச் சேர்ந்தேன்.

பாய் என் வீட்டுக்கு வந்த அன்று, எலுமிச்சைச் செடியைப் புழு தின்றுகொண்டிருந்தது. என் மனைவி மருந்தோடு வந்தாள். பாய் குறுக்கே நின்றார்.

"அம்மணி, அடிச்சுப்போடாதீங்க. இன்னும் மூணு இலை தின்னாங்கன்னா டிசைன் முடிஞ்சுரும்."

"செடியும் முடிஞ்சுருமுங்க!" என்றாள் அவள்.

அந்த அரித்த இலைகள்தான் திரைச்சீலை ஆயின. வெள்ளைத் துணி முழுக்கப் பச்சை அச்சடித்து, இலையில் ஓட்டை விழுந்த இடங்களை மட்டும் வெள்ளையாக விட்டார். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பிடிக்காவிட்டால் இனி ரோஜாப்பூ மட்டும்தான் என்று முதலாளி கறாராகச் சொல்லியிருந்தார்.

சாம்பிள் அனுப்ப வேண்டிய காலையில் துணி செக்கிங்குக்குப் போனது. அங்கே துணியைச் சோதிக்கும் சரசக்கா, வெள்ளை தெரிந்த இடமெல்லாம் பழுதென்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, கழிவு மூட்டையில் சேர்த்துவிட்டார். நாங்கள் ஓடிப்போய் எடுத்தோம்.

"சாயம் புடிக்கலைன்னு நெனச்சுப்போட்டேனுங்க பாய்..." அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது.

வேறு துணி அச்சடிக்க நேரமில்லை. நான் ஒரு ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தேன்; பசை துணியிலேயே ஒட்டிக்கொண்டது. பாயோ, ஜன்னல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எதுக்குங்கக்கா அழுகறீங்க? இந்தப் பச்சைக்கு ஒரு செகப்பு வேணும்னு பத்து நாளாத் தேடிட்டிருக்கறேன். இதுதானுங்க அது!"

ஸ்டிக்கரோடே அனுப்பிவிட்டார். இலையில் சிவப்பு வண்டுகள் உட்கார்ந்திருப்பது பிரமாதம் என்று பையரிடமிருந்து பதில் வந்தது. கூடவே ஆர்டரும்.

டிசைனர் பெயர் எழுதும் அட்டையில் பாய் அன்று இரண்டு பெயர்களை எழுதினார். முதலில் சரசக்காவின் பெயர்.

பாய் இப்போது மகளோடு மைசூரில் இருக்கிறார். அவர் பக்கத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன். போதவில்லை.