மயக்கம் தெளிந்தவரும் மை போன மீசையும்

அக்கா பெற்ற அருமை மகளுக்கு உன் தாய்மாமன் எழுதிக்கொள்வது. நானும் என் கத்தரிக்கோலும் நலம். நீயும் உன் மாமியாரின் வாயும் நலமா? உன் அப்பா உயிரோடுதான் இருக்கிறார், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். எந்த வருஷத்தில் இருக்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

குடலிறக்கம், ஆபரேஷனைத் தள்ளிப் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியும் இந்த மனுஷன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு மாட்டேன் என்றார். காரணம் அவர் இளவயதில் எழுதிய அந்த விஞ்ஞானக் கதைதான். மயக்க ஊசி போட்டுக்கொண்டவன் கண்ணைத் திறந்தால் முப்பது வருஷம் ஓடிப்போயிருக்கும், தெரிந்த முகமெல்லாம் நரைத்திருக்கும். அதற்கப்புறம் அவர் செவ்வாய்க்குப் போனார், கடலுக்கடியில் ஊர் கட்டினார், ரோபோவுக்குக் கல்யாணம்கூடப் பண்ணி வைத்தார், ஒருத்தரும் சீந்தவில்லை. எந்த மேடை ஏறினாலும் “ஐயா, அந்த ஊசிக் கதை” என்றுதான் கேட்டார்கள். வெறுத்துப்போய்ப் பேனாவை மூடினவர்தான். இப்போது ஊசி போட வந்த டாக்டரும், “ஐயா, உங்க கதையைப் படிச்சுட்டுத்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன்” என்று கையெழுத்துக் கேட்கவும் இருந்த தைரியமும் போச்சு. கடைசியில், “கண்ணு முழிக்கும்போது நீ எதிர்ல நில்லு மாப்ளே. இப்ப இருக்கிற மாதிரியே இரு” என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் உள்ளே போனார்.

நானும் அதே சட்டையோடு போனேன். நர்ஸம்மா, “முகம் கழுவாம உள்ள வராதீங்க” என்றார். வியர்த்துக் கொட்டிய முகத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, தோளில் கிடந்த துண்டால் துடைத்தேன். ஊருக்கெல்லாம் சாயம் அடிக்கிறவனுக்குச் சாயம் ஒத்துக்காது, அரிக்கும். அதனால் தினமும் மீசைக்கு மைப்பென்சில்தான் என்பது அந்த நேரத்தில் மறந்துபோச்சு. உன் அப்பா கண்ணைத் திறந்தார், வெள்ளை மீசையைப் பார்த்தார். “எத்தனை வருஷம் ஆச்சு மாப்ளே?” பாழாய்ப்போன வாய் சும்மா இருந்ததா? “அதிகமில்ல மச்சான், முப்பதுதான்” என்றேன்.

அவ்வளவுதான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் என் கையால் பச்சைத் தண்ணீர்கூட வாங்கவில்லை. பேப்பரைக் காட்டினால் பழைய பேப்பராம். உன் அம்மாவைக் காட்டினால், “அவளை மாதிரியே பொம்மை செஞ்சு வச்சிருக்கீங்க” என்கிறார். “பொம்மையா? இந்தப் பொம்மைதான் உங்களுக்கு இத்தனை காலம் பொங்கிப் போட்டுச்சு” என்று அவள் போட்ட சத்தத்துக்கும் அசையவில்லை. சாப்பிடாவிட்டால் தையல் ஆறாதாம். இந்தக் கவலையில் என் சலூனில் ஒருத்தர் கிருதா ஏற்ற இறக்கமாகிவிட்டது. உடனே கிளம்பி வா, உன் முகத்தைப் பார்த்தாலாவது நம்புவார். வழியில் அழுது முகத்தை வீங்க வைத்துக்கொள்ளாதே, அதையும் வயசில் சேர்த்துவிடுவார்.

உன் வீட்டுக்காரர் தலையில் மிச்சமிருக்கும் முடிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
வெளுத்த மீசை மாமன்

பி.கு.: உடனே வரவேண்டாம். மனுஷன் சுவர்ப் பக்கம் திரும்பிக் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். என் துண்டில் இருந்த மையை அப்போதே பார்த்துவிட்டு, தெரிந்தேதான் கேட்டாராம். கஞ்சியை உன் அம்மா எனக்குத் தெரியாமல் ஊட்டியிருக்கிறாள், கூட்டுக் களவாணிகள். “என்ன கதை மச்சான்?” என்றேன். “ஒருத்தன் மீசைக்கு மை தடவியே காலத்தை நிறுத்தி வச்சிருக்கான். ஒருநாள் மறந்துபோய் முகத்தைக் கழுவிடறான், உலகமே கிழடாயிடுது” என்றார். என் மீசையைப் பார்த்துப் பார்த்து எழுத வேண்டுமாம், முடியும்வரை நான் மை தொடக் கூடாதாம். மெதுவாகவே வா. வரும்போது நல்ல மைப்பென்சிலாக ஒன்று வாங்கி வா.