படத்தில் உள்ளபடி

"இன்னும் அரை இஞ்ச் இறங்கணும்," என்றார் சர்வேயர்.

பட்டறைத் தரையில் மல்லாந்து கிடந்த மெக்கானிக், காருக்கு அடியிலிருந்து தலையை மட்டும் வெளியே நீட்டினார். "முன் ஸ்பிரிங்ல ஏற்கெனவே ஒரு சுத்து வெட்டியாச்சு சார். இன்னும் வெட்டினா வண்டி தரையில உக்காந்துரும்."

"உக்காரட்டும். படத்துல அப்படித்தானே இருக்கு?"

படம் என்பது உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். சர்வேயர் பிறப்பதற்கு முன்பு எடுத்தது. கார் மூக்கைத் தாழ்த்தி, பாயப் போவதுபோல் நிற்கிறது. பக்கத்தில் இளவயது அப்பா, முறைத்தபடி. ஊர் நிலத்தையெல்லாம் அளந்த கை சும்மா இருக்குமா? பூதக்கண்ணாடியும் ஸ்கேலுமாக இரண்டு நாள் உட்கார்ந்து படத்தையும் அளந்துவிட்டார். நிஜ வண்டிக் கணக்கில், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே முக்கால் இஞ்ச். இடது முன்சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. வலது சக்கரம் அப்பாவின் கால்களுக்குப் பின்னால் மறைந்திருந்தாலும், இடதைப் போலத்தானே வலதும் இருக்கும் என்று கணக்கை முடித்தார்.

எல்லாம் அக்கா வைத்த கெடுவால் வந்த அவசரம்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணி. அப்பாவை ஏத்தி, தெருவை ஒரு சுத்து சுத்திக் காட்டுடா. இல்லேன்னா பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போகட்டும்," என்று சொல்லிவிட்டாள். இருபது வருஷமாகக் கொட்டகையை அடைத்துக்கொண்டிருக்கும் கார்மேல் அவளுக்கு அவ்வளவு எரிச்சல். தம்பிக்கோ அந்தக் கார் உயிர். அப்பா அதைப் பார்த்ததும் அசந்துபோக வேண்டும் என்று, படத்தைப் பற்றியோ வேலையைப் பற்றியோ வீட்டில் மூச்சு விடாமல் இருந்தார்.

ஸ்பிரிங்கை இன்னும் வெட்டினார்கள். முதல் திருப்பத்திலேயே சர்ரென்று சத்தம்.

"டயர் மட்கார்டுல உரசுது சார். நான் அப்பவே சொன்னேன்."

"சொன்னதைச் சொல்லிக் காட்டாதீங்க. எனக்குக் கெட்ட கோபம் வரும். படத்துல சக்கரம் சாஞ்சிருக்கில்ல? நாமும் சாய்ச்சுருவோம்."

சாய்த்தார்கள். டயர் இப்போது உள்பக்கக் கம்பியில் இடித்தது. அதற்காகச் சக்கரத்துக்குப் பின்னால் ஒரு தடிமனான தகட்டைக் கொடுத்து வெளியே தள்ளினார்கள். பள்ளத்தில் இறங்கியதும் மட்கார்டின் விளிம்பு டயரைக் கடித்தது. விளிம்பைச் சுத்தியலால் மடக்கினார்கள். பெயின்ட் பாளம் பாளமாக உதிர்ந்தது. போன வாரம் வாங்கிய டயர் உள் ஓரத்தில் வழுக்கையாகிவிட்டது. ஸ்டியரிங்கைத் திருப்ப இரண்டு ஆள் தேவைப்பட்டது.

மெக்கானிக் ஸ்பேனரைத் தரையில் வீசினார். "முப்பது வருஷமா இந்த வேலை பாக்குறேன். எந்தக் கம்பெனியும் வண்டியை இப்படி நிக்க வச்சு வெளிய அனுப்பாது."

"அப்போ படம் பொய்யா? என்னைப் பாத்தா கேனையன் மாதிரி இருக்கா?"

"படம் என்ன சொல்லுதோ எனக்குத் தெரியாது சார். வண்டி அழுவுது."

"உங்க வேலை சுத்தமில்லாததால அழுவுது. வெட்டுங்க இன்னொரு கால் இஞ்ச்."

மெக்கானிக் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். அதோடு கும்பிடு போட்டு, இனி இந்தப் பக்கம் வராதீர்கள் என்று கதவைச் சாத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை, கார் தேய்ந்து முனகி, நடப்பவர்களுக்கெல்லாம் வழிவிட்டு வீடு வந்து சேர்ந்தது. வாசலில் இரும்புக்காரரின் லாரி தயாராக நின்றது. அக்கா கையைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள்.

சர்வேயர் இறங்கியதும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். அச்சாக முக்கால் இஞ்ச். ஒரு மாதமாக மூக்கின்மேல் உட்கார்ந்திருந்த கோபம் அந்த நொடியில் இறங்கிப் போனது.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அப்பா மெல்ல வெளியே வந்தார். காரைப் பார்த்தார். உதடு துடித்தது. மகனுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவன்டா என் வண்டியை மறுபடியும் இந்தக் கதிக்கு ஆளாக்கினவன்?" என்று அப்பா கைத்தடியை ஓங்கினார். "இதுல நான் ஏற மாட்டேன்."

அக்கா லாரிக்காரரைப் பார்த்துத் தலையசைத்தாள்.

"அப்பா, கொஞ்சம் பொறுங்க. இம்மி பிசகாம படத்துல இருக்கிற மாதிரியே செஞ்சிருக்கேன்." சர்வேயர் பதறிப்போய்ப் புகைப்படத்தை நீட்டினார்.

அம்மா அதை வாங்கி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"இதைப் பாத்தாடா செஞ்சே? ஸ்பிரிங் உடைஞ்சு நடுரோட்டுல நின்னுட்டோம், இழுத்துட்டுப் போக லாரி வர்ற வரைக்கும் பொழுது போகாம நான் எடுத்த படம்டா இது."