மூன்று சட்டையோடு ஆபிரிக்கா போனவர்

மனிதரில் குறைச்சடுக்கி என்று ஓர் இனம் இருக்கிறது. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். விமான நிலையத்தில் நாமெல்லாம் பெட்டியைத் தராசில் ஏற்றி, முகம் வெளிறி, ஒரு மூலையில் குந்தியிருந்து, மிளகாய்த்தூளைக் கைப்பைக்குள் வைப்பதா, தட்டை வடையை வாய்க்குள் வைப்பதா என்று குடும்பமாகச் சண்டை பிடிக்கும்போது, தோளில் ஒரு சின்னப் பையோடு பக்கத்தில் வந்து நின்று இரக்கத்தோடு தலையை ஆட்டுவாரே, அவர்தான். "இவ்வளவும் என்னத்துக்கு?" என்பார். அவ்வளவுதான் கேட்பார். அதற்குப் பிறகு அந்தப் பயணம் உங்களுக்கு இனிக்காது.

அவர் பற்பசை கொண்டுவர மாட்டார். உங்களுடையதில் கொஞ்சம் பிதுக்கிக்கொள்வார். குடை கொண்டுவர மாட்டார். மழை வந்தால் உங்கள் குடைக்குள் வந்து நின்று, குடை எவ்வளவு அநாவசியமான பொருள் என்று விளங்கப்படுத்துவார். போன் சார்ஜர், தலைவலி மாத்திரை, கைதுடைக்கும் துண்டு, இதெல்லாம் அடுத்தவர் பையில் இருக்கவேண்டிய சாமான்கள் என்பது அவருடைய கட்சி. குறைத்து அடுக்குவது அவருக்கு வசதி அல்ல, ஒழுக்கம். இரண்டு பெட்டியோடு வருகிறவனை அவர் குடிகாரனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்.

சிட்னி வென்ட்வேர்த்வில்லில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி மகேந்திரராஜா. அறுபதுக்கு நாலு குறைவு. நகரத்தில் ஒரு கட்டட நிறுவனத்தில் எஞ்சினியர். அவரிடம் ஒரு மந்திரம் இருந்தது. "ஒண்டு உடம்பில, ஒண்டு கொடியில, ஒண்டு பையில. நாலாவது சேட்டு மனுசனுக்கு ஆசை." இதை அவர் ரயில் மேடையில் சொன்னார், இடியப்பம் வாங்கும் வரிசையில் சொன்னார், பிறந்தநாள் விழாக்களில் சொன்னார். ஒரு செத்த வீட்டில், போனவரைப் பார்த்து, "இப்ப பார், என்னத்தைக் கொண்டு போறார்?" என்று சொல்லிவிட்டு அதையே தொடர்ந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்த மகன், அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தான்.

2011இல் இவருக்கு ஒரு வாய்ப்பு வந்தது. நிறுவனத்து மேலாளர் கிரெக், சிநேகிதரோடு சாம்பியா நாட்டுக் காட்டுக்கு வேட்டைக்குப் போக ஏற்பாடு செய்திருந்தார். ஒருவர் கடைசி நேரத்தில் விலகிவிட, "நீ வருகிறாயா? மனைவியும் வந்து பார்க்கலாம்" என்று கேட்டார். மகேந்திரராஜா வாழ்க்கையில் ஒரு கோழியைக்கூடக் கொன்றதில்லை. மீன்கடைக்காரன் தலையை வெட்டும்போது அவர் விலைப்பலகையை வாசிப்பார். ஆனாலும் எந்த நாடு என்று கேட்பதற்கு முன்னமே ஓம் என்றுவிட்டார். ஏன்? அவருடைய வீட்டு ஹோல் சுவரில் பட்டமளிப்புப் படத்துக்கும் சிட்னிப் பாலத்துப் படத்துக்கும் நடுவில் ஒரு வெற்றிடம் இருந்தது. கையில் துப்பாக்கியோடு ஓர் ஆள் நிற்கக்கூடிய அளவு.

அன்றிரவே இணையத்தில் உட்கார்ந்தார். நீலம் கூடாது, கடிக்கிற பூச்சிகள் தேடி வரும். வெள்ளை கூடாது, மிருகம் கண்டுவிடும். காக்கியும் இலைப்பச்சையும் போதும். முகாமில் ஒவ்வொரு நாளும் உடுப்புத் தோய்த்து இஸ்திரி போட்டுத் தருவார்கள், ஆகையால் மூன்று சோடி தாராளம். இந்தக் கடைசி வரியை அவர் உரத்து நாலு தரம் வாசித்தார். உலகம் ஒருவழியாகத் தன் வழிக்கு வந்துவிட்டது என்ற நிறைவு அவர் முகத்தில் தெரிந்தது. காட்டுக்குப் போகும் சின்ன விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோதான் என்றும் அதில் எழுதியிருந்தது.

"பதினைஞ்சோ? எனக்கு ஏழு போதும்" என்று ஒரு பிறந்தநாள் விழாவில் அறிவித்தார்.

பக்கத்து வீட்டு வெங்கட்ராமன், கம்ப்யூட்டர் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர், சாப்பாட்டுத் தட்டோடு நின்றுவிட்டார். "மூணே சட்டையா சார்? நான் மெல்பர்ன்ல ரெண்டு நாள் தங்குறதுக்கே ஆறு எடுத்துட்டுப் போவேன்."

"அதுதான் தம்பி உங்கட பிரச்சினை. பாருங்கோ, வெளிக்கிடுற அண்டைக்குத் தராசைப் படம் எடுத்து எல்லாருக்கும் அனுப்புறன். எனக்கு ஏழு, யோகாவுக்கு ஏழு."

யோகா அவருடைய மனைவி. பரமற்றாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. தனக்கும் ஏழு என்பதை அவள் அங்கேதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டாள்.

அவளுக்கு வேட்டையில் ஓர் அக்கறையும் இல்லை. அவள் ஓம் என்றதற்குக் காரணம் சாம்பியாவின் தலைநகரான லுசாக்காவில் இருந்தது. அவளுடைய அக்கா விமலாதேவி பதினெட்டு வருசமாக அங்கே நர்ஸ். அக்காவின் மகளுக்கு டிசெம்பரில் கலியாணம். அம்மாவின் கூறைச்சேலை யோகாவிடம் இருந்தது. அதைக் கட்டிக்கொண்டுதான் மணவறைக்கு வருவேன் என்று அந்தப் பிள்ளை மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. காட்டிலிருந்து திரும்பும் வழியில் இரண்டு நாள் அக்கா வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. யோகா கூறையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, பையின் அடியில் வைத்து, அதன்மேல்தான் தன் உடுப்புகளை அடுக்கினாள்.

ஒக்டோபர் கடைசியில், புறப்படுகிற காலையில், குசினிக்குள் தராசு வைக்கப்பட்டது. அவருடைய பை ஏழு கிலோ, அச்சொட்டாக. அவருடைய பைனாகுலர், கமரா லென்ஸ், பிறஷர் மாத்திரை எல்லாம் யோகாவின் கைப்பையில் இருந்தன. கைப்பை கணக்கில் வராது. யோகாவின் பையை ஏற்றினார். ஏழு தசம் ஒன்பது. அவள் குப்பை வாளியைத் தெருவில் வைக்கப் போயிருந்தாள். மகேந்திரராஜா பையைத் துழாவினார். துணிச் சுற்று ஒன்று கைக்கு வந்தது. தனியாக நிறுத்தார். தொள்ளாயிரம் கிராம். கடவுள் கணக்குப் போட்டு அனுப்பியதுபோல இருந்தது அவருக்கு. மடிப்புக் கலையாமல் கொண்டுபோய் அலுமாரிக்குள் வைத்தார். தராசைப் படம் எடுத்து நாற்பத்திரண்டு பேருக்கு அனுப்பினார்.

முகாமில் அவர்கள் இறங்கியபோது முதல் மழை பெய்து ஓய்ந்திருந்தது. முகாம் பொறுப்பாளர் எல்லோரையும் கூட்டி விதிமுறை சொன்னார். காலையில் கூடையில் போடும் உடுப்பு மாலையில் இஸ்திரியோடு வரும். உள்ளாடை மட்டும் போடவேண்டாம். அடுத்தவரின் உள்ளாடையைத் தோய்ப்பது இங்குள்ள பெண்களுக்கு வழக்கமில்லை. அவரவர் தோய்த்துக்கொள்ளவேண்டும், சவுக்காரம் கூடாரத்தில் இருக்கிறது. தோய்த்ததைக் கூடாரத்துக்குள் வலையின்கீழ் காயவிடவேண்டும். வெளியே போட்டால் ஈரத்துணியில் ஒருவகை ஈ முட்டையிடும், அது நல்லதல்ல. இவ்வளவும் அவர் சொன்ன நேரத்தில் மகேந்திரராஜா, கிரெக்கின் சிநேகிதர் ஒருவருக்குச் சட்டையை எப்படிச் சுருட்டி வைப்பது என்று கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

பின்னேரம் யோகா பையைத் திறந்தாள். ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் வைத்தாள். பிறகு வெறும் பையைத் தலைகீழாகப் பிடித்தாள்.

"இஞ்சேருங்கோ, அம்மாவின்ர கூறை எங்க?"

"அலுமாரிக்குள்ள பத்திரமா இருக்கு."

"ஏன் அங்க இருக்கு?"

"தொள்ளாயிரம் கிராம், யோகா. ஏழைத் தாண்டிப் போச்சு."

"பிளேனில பதினைஞ்சு கொண்டுவரலாம் எண்டெல்லோ சொன்னவை?"

"ஓம். ஆனா நாங்கள் ஏழு எண்டு சனத்துக்குச் சொல்லிப்போட்டமே."

"நான் அக்காவுக்கு என்ன சொல்ல? அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்ல?"

"பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு இருக்கப்போறது அரை மணித்தியாலம். அதுக்கு ஒரு கிலோவோ?"

முப்பது வருசமாக இப்படியான பேச்சைக் கேட்டால் யோகா குசினிக்குள் போய்ப் பானை கழுவிக்கொண்டே அழுதுவிட்டு வருவாள். அந்தக் காட்டில் குசினி இல்லை. அவர் செய்த வேலையை நேரே பார்த்துக்கொண்டு கட்டிலிலேயே இருக்கவேண்டியதாயிற்று. அதனால் வந்ததுதான் மிச்சமெல்லாம்.

மூன்றாம் நாள் மாலை, கூடையிலிருந்து சட்டைகள் முறுமுறுவென்று திரும்பி வந்தன. அவற்றுக்குமேல், போட்டபடியே, அவருடைய உள்ளாடைகள், மரியாதையான ஒரு குறிப்போடு.

"யோகா, இதை ஒருக்கா அலசிப் போடும்."

"நான் சவுக்காரம் கொண்டு வரேல்ல. பாரம்."

"இஞ்ச வைச்சிருக்கினமே!"

"கையையும் வீட்டில வைச்சிட்டு வந்திட்டன். பாரம்."

மகேந்திரராஜா வெளியே பார்த்தார். அடுத்த கூடாரத்துக்கு முன்னால், நாற்பது பேருக்கு மேலாளரான கிரெக், வாளித் தண்ணீரில் தன்னுடையதைத் தானே கசக்கிக்கொண்டு, சந்தோசமாக விசிலடித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. நம்மவரும் கசக்கினார். கசக்கி, பிழிந்து, வெளியே முட்பற்றையை நோக்கி நடந்தார்.

"வெளியில போடவேண்டாமாம். உள்ளுக்குக் காயப்போடட்டாம்" என்றாள் யோகா.

"எனக்கு வெயிலைப் பற்றி ஆக்கள் சொல்லித் தரவேணுமோ? வெயில்ல காஞ்சா எல்லாக் கிருமியும் செத்துப்போம்."

அவள் ஒருதரம் சொன்னாள். இரண்டாம் தரம் சொல்லவில்லை.

வேட்டையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பது நாளில் அவர் மூன்று தரம் சுட்டார். ஒரு கறையான் புற்று செத்தது. கடைசி நாள் கிரெக்கின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்துக்கொண்டு, தாடையைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டார். காக்கிச் சட்டை, காக்கிக் காற்சட்டை, காக்கித் தொப்பி. எல்லாவற்றிலும் நிறம் பார்த்து வாங்கியவர், உள்ளாடையில் மட்டும் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் முட்பற்றையில் மூன்று வெள்ளைகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.

லுசாக்காவில் அக்கா தங்கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பிடித்தபடியே அவளுடைய கண் பைக்குப் போனது. யோகா ஒளிக்கவில்லை, நடந்ததைச் சொன்னாள். கதவடியில் நின்ற மகள், "இட்ஸ் ஓகே சித்தி" என்றுவிட்டு அறைக்குள் போனாள். கதவு மெதுவாகத்தான் சாத்தப்பட்டது. அந்த மெதுவை யோகாவால் தாங்க முடியவில்லை.

"இருங்கோ மகேந்திரன்" என்று விமலாதேவி கதிரையைக் காட்டினாள்.

"இல்லை மச்சாள், நிக்கிறன்."

மனுசனுக்கு மனச்சாட்சி குத்துகிறது என்று அவள் நினைத்தாள். குத்தியது மனச்சாட்சி அல்ல. அவர் சோற்றையும் நின்றபடி சாப்பிட்டார். இரவு முழுக்கக் குப்புறப் படுத்தார். விடிந்ததும், இரண்டு நாளாகப் பின்பக்கத்தில் கொப்புளம் கொப்புளமாக இருக்கிறது, உள்ளே ஏதோ அசைகிற மாதிரியும் இருக்கிறது என்று நர்ஸ் மச்சாளிடம் ஒத்துக்கொண்டார்.

"உள்ளுடுப்பை வெளியில காயப்போட்டனீங்களோ?"

"ஓம்."

"இஸ்திரி போட்டனீங்களோ?"

"இல்லை மச்சாள்."

"படுங்கோ."

இஸ்திரிச் சூடு படாததால் ஈயின் முட்டை துணியில் பொரிந்து, புழு தோலுக்குள் புகுந்து குடியிருந்தது. விமலாதேவி ஒவ்வொரு கொப்புளத்திலும் வாசலின் களிம்பு பூசி மூடினாள். மூச்சுமுட்டிப் புழு தலை காட்டும்வரை பொறுத்திருந்தாள். பிறகு இரண்டு பெருவிரலாலும் அமத்தி எடுத்து, வெள்ளித் தட்டொன்றில் போட்டாள். மொத்தம் பதினொன்று. ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் நடுவில் கொஞ்சம் நிறுத்தினாள்.

"கூறை எவ்வளவு பாரம் எண்டனீங்கள்?"

"தொள்ளாயிரம் கிராம், மச்சாள்."

"ம்" என்றுவிட்டு ஆறாவதை அமத்தினாள். அவர் போட்ட சத்தம் வீதிவரைக்கும் கேட்டது. மூடியிருந்த அறைக்கதவு திறந்தது. மணமகள் ஆகப்போகிற பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு, சித்தியின் தோளில் முகத்தைப் புதைத்துச் சிரித்தது. யோகாவும் சிரித்தாள். பையில் கூறையைக் காணாத நாளுக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான்.

டிசெம்பரில் அவள் தனியே லுசாக்கா போனாள், கூறையோடும் இருபத்துமூன்று கிலோப் பெட்டியோடும். பெட்டியை விமான நிலையத்துக்குள் தூக்கி வந்தவர் மகேந்திரராஜா. இவ்வளவும் என்னத்துக்கு என்று அவர் கேட்கவில்லை. அவள் மூன்று கிழமை கழித்துத் திரும்பியபோது அவருடைய அலுமாரியில் பதினேழு சட்டைகள் இருந்தன, பன்னிரண்டு புதியவை. தோய்க்கிறதிலும் பார்க்க வாங்குகிறது சுகம் என்று கண்டுபிடித்திருந்தார்.

திருந்திவிட்டாரா என்று கேட்கிறீர்களா? குறைச்சடுக்கி திருந்துவதாவது! படம் சுவரில் தொங்குகிறது. பின்னுக்கு வெள்ளையாகத் தெரிவது கொக்கா என்று விருந்தாளிகள் கேட்டால், "ஓம், ஆபிரிக்காக் கொக்கு" என்கிறார். "மூண்டே மூண்டு சேட்டோட ஆபிரிக்காவுக்குப் போய் வந்தனான்" என்கிறார். யோகா தேத்தண்ணியோடு வந்து, "பதினொண்டு பேரைக் கூட்டிக்கொண்டும் வந்தவர்" என்று சொல்லிவிட்டு உள்ளே போகிறாள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், காசா பணமா. ஆனால் போன முறை ஊருக்குப் போனபோது, ஒற்றைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இரண்டு பெட்டியோடு மல்லுக்கட்டிய உங்கள் வீட்டுக்காரியைப் பார்த்து, என்னைப் போல லேசாக வரப் பழகு என்று சொன்னவர் யார்? சரி, அது கிடக்கட்டும். இப்போது நீங்கள் போட்டிருக்கும் சட்டையை ஒருதரம் குனிந்து பாருங்கள். ஒன்று உடம்பில். ஒன்று பையில். கொடியில் ஒன்று கிடக்கிறதே, அதைத் தோய்த்து அங்கே போட்டது யார்?