மாட்டியவர்தான் கழற்ற வேண்டும்

மிகுந்த மரியாதைக்குரிய அக்கா அவர்களுக்கு,

தம்பி பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் மாமாவும் மருமகன்கள் இருவரும் நல்ல சுகத்துடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூவரும், வயிற்றில் இருப்பதையும் சேர்த்தால் நால்வரும், சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எடுத்த பேனாவில் மை இல்லை. வேறு பேனா மேசை இழுப்பறைக்குள் இருக்கிறது. இழுப்பறையில் சிவப்பு அட்டை தொங்குகிறது. ஆகவே பென்சிலால் எழுதுகிறேன். பெரியவர்களுக்குப் பென்சிலால் எழுதுவது மரியாதைக் குறைவு என்று எனக்குத் தெரியும். மன்னிக்க வேண்டும்.

விஷயம் இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாங்கள் இங்கே வந்து என் மகளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். அவள் அம்மாவுக்குப் பிரசவமாக இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. அதுவரை அவள் உங்கள் வீட்டில் இருக்கட்டும். இதைப் போனில் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் நான் போனை எடுத்தாலே அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். இப்போது தூங்குகிறாள், அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் இருக்கும் என் மனைவியிடமும் சொல்லி ஆறுதல் தேட வழியில்லை. படுத்த படுக்கையாக இருக்க வேண்டும், திரும்பிப் படுப்பதென்றாலும் கேட்டுவிட்டுத்தான் திரும்ப வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். போன வாரம் வீட்டில் நடப்பதைக் கொஞ்சம் சொன்னேன், அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நர்ஸம்மா ஓடி வந்து, "என்ன சார், சிரிக்க வச்சுட்டு இருக்கீங்க? அவங்க குலுங்கக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்றது?" என்று என்னை வராந்தாவுக்கு அனுப்பிவிட்டார். எனக்கோ அழுகை வருகிற விஷயம். அதைச் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களாவது சிரிக்காமல் படியுங்கள்.

தப்பு என்னுடையதுதான், அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். குழந்தைகளை அந்த வார்டுக்குள் விட மாட்டார்கள். அம்மாவைப் பார்க்காமல் பதினைந்து நாளாக வீட்டில் சுற்றுகிற பிள்ளை, படம் வரையட்டுமே என்று கம்பெனியில் தூக்கிப் போட வைத்திருந்த பழைய அட்டைகளில் ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். எங்கள் லிஃப்ட் வேலையில் இது ஒரு முக்கியமான சமாசாரம். ஒருவன் மெஷினில் கை வைக்கும்போது சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டுவான். 'ஆள் வேலை செய்கிறார், இயக்காதீர்' என்று அதில் இருக்கும், கீழே அவன் கையெழுத்து இருக்கும். மாட்டியவன்தான் கழற்ற வேண்டும். முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. ஒருமுறை எவனோ அவசரக்குடுக்கை கழற்றிவிட்டு, என் கூட்டாளிக்கு இரண்டு விரல் போயிற்று. அதிலிருந்து இந்த விஷயத்தில் எனக்கு விளையாட்டே கிடையாது. அவள், "இது என்னப்பா?" என்று கேட்டாள். வேறு தகப்பனாக இருந்தால், "சும்மா அட்டைடா" என்று சொல்லியிருப்பான். நான் நான்கே முக்கால் வயதுப் பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்குச் சொல்வதை ஒன்றுவிடாமல் சொல்லி, கடைசியில் கேள்வியும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். எழுதத் தெரியாததால் கையெழுத்துக்குப் பதில் ஒரு மீன் போடுவதாக முடிவாயிற்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கே அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தேன்.

மறுநாள் காலை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் அட்டை. கீழே மீன்.

"உள்ள யாரு மேஸ்திரி வேலை செய்றாங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துகொண்டிருந்தது.

"யாரும் வேலை செய்யல. வெளக்கு போடறவரு படுத்திருக்காரு."

"எந்த வெளக்கு?"

"கதவத் தெறந்தா டக்குனு போடுவாருல்ல, அவரு. நீங்க எப்பப் பாத்தாலும் தெறந்து தெறந்து பாக்கறீங்க, எதையும் எடுக்கறதில்ல. அவருக்கு ரெஸ்டே இல்ல. டாக்டர் எந்திரிக்கக் கூடாதுன்னுட்டாரு."

அக்கா, அவள் சொன்னது உண்மை. மனசு கலங்கினால் நான் ஃபிரிட்ஜைத் திறந்துகொண்டு நிற்கிறேன். ஏன் என்று எனக்கே தெரியாது. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "டாக்டர்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டாள். மூன்று நாள் ரொட்டியும் வாழைப்பழமுமாக ஓட்டினேன். அவளுக்குப் பால் வேண்டும் என்றால் அவளே கண்ணை மூடிக்கொண்டு, கதவைக் கை நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து, அவரை எழுப்பாமல் எடுத்துக்கொள்கிறாள். நான் முட்டை கேட்டால், "அசையாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு எடுத்துத் தருகிறாள். கழற்றிப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். கையைக் கொண்டுபோனேன். கூட்டாளியின் விரல்கள் ஞாபகம் வந்தன. கையை எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை என் இடது ஷூவில் அட்டை. வேலைக்குப் போட்டுக்கொண்டு போகிற கனமான ஷூ, அது இல்லாமல் உள்ளே விட மாட்டார்கள். கேட்டால் அதன் வயிற்றில் குட்டி ஷூ இருக்கிறதாம், நடந்தால் ஆபத்தாம். உள்ளே பார்த்தேன், அவளுடைய சிறுவயது ஷூ ஒன்றைப் பஞ்சு வைத்துப் படுக்கவைத்திருக்கிறாள். வலது காலில் ஷூவும் இடது காலில் செருப்புமாகப் போய் நின்றேன். எங்கள் இன்ஜினியர் சிரிக்காத மனிதர். மேலும் கீழும் பார்த்தார்.

"இடது ஷூ எங்க?"

"அட்ட தொங்குது சார்."

"மாட்டுன ஆளு எங்க?"

"பாலர் பள்ளியில சார்."

"எப்ப விடுவாங்க?"

"பன்னெண்டு மணிக்கு."

"அப்ப அதுக்கு மேல வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கழற்றிவிட்டு வா என்று அவர் வாயிலிருந்தும் வரவில்லை பாருங்கள். எங்கள் தொழிலில் எல்லோரும் இப்படித்தான் கெட்டுப்போயிருக்கிறோம். பன்னிரண்டு மணிக்குப் போய்க் கேட்டேன், இன்னும் பிரசவம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்று சம்பளமில்லாத விடுப்பு. மறுநாள் ஸ்டோரில் ஒரு ஜோடி இரவல் வாங்கினேன், அது ஒரு அளவு சிறியது. இப்போது நொண்டிக்கொண்டுதான் நடக்கிறேன்.

இதெல்லாம் போகட்டும். வியாழக்கிழமை காலை நான் தரைத்தளத்தில் அவள் ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், என் தலைக்கு மேலேயே, எங்கள் கட்டடத்து லிஃப்ட் பொத்தானில் ஒரு அட்டையை மாட்டியிருக்கிறாள். ஏழு மாடிக் கட்டடம். எங்கள் வீடு ஆறாவது. ஐந்தாவது மாடியில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருக்கிறார், அவர்தான் மத்தியானம் அவளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து நான் திரும்புகிற வரை பார்த்துக்கொள்கிறார். இரண்டு முழங்காலும் தேய்ந்த மனிதர். அவர் அவளைக் கூட்டிக்கொண்டு ஐந்து மாடி ஏறியிருக்கிறார். இவளும் கூடவே கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறாள், ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாயங்காலம் நான் வந்தேன். அட்டையைப் பார்த்தேன். நம் ஆள் யாரோ உள்ளே வேலை செய்கிறான் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு, அந்தச் சின்ன ஷூவோடு ஆறு மாடி ஏறினேன். மறுநாள் காலை அதே மாதிரி இறங்கினேன். இருபது வருஷ அனுபவம் அக்கா எனக்கு! வெள்ளிக்கிழமை கம்பெனியில் விசாரித்தால் அங்கே யாரும் ஆளே அனுப்பவில்லை. ஓடி வந்து அட்டையின் அடியில் கையெழுத்து இடத்தைப் பார்த்தேன். மீன்.

வாத்தியாரிடம் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். "மீன் இருந்துச்சு, பாத்தேன் தம்பி. உங்க கம்பெனி முத்திரைன்னு நெனச்சேன்" என்றார். "நீங்கதான போன வருஷம் குடித்தனக்காரங்க கூட்டத்துல ஒரு மணி நேரம் பேசுனீங்க, அட்ட தொங்குனா எந்தக் கொம்பன் சொன்னாலும் தொடாதீங்கன்னு?" பேசினேன்தான். எல்லோரும் கேட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத் தெரியாமல் போயிற்று.

மேஸ்திரியைக் கீழே அழைத்துவந்தேன். காய்கறிப் பையும் தண்ணீர்க் கேனுமாகப் பத்துப் பேர் காத்திருக்கிறார்கள். இவள் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டாள். "இன்னும் மூச்சு வாங்குது" என்றாள். "நாள் பூரா மாடி ஏறுதுல்ல. டாக்டர் மாடி ஏறக் கூடாதுன்னாரு." வாத்தியார் மிகவும் பணிவாக, "கொஞ்ச நேரம் பொறுக்கலாமா மேஸ்திரி?" என்று கேட்டார். பத்துப் பேரும் பொறுத்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவளாகவே கழற்றி, கதவைத் தடவிக் கொடுத்து, "மெதுவா போ" என்று சொன்னாள். சிலர் கை தட்டினார்கள். நான் மட்டும் கை தட்டவில்லை.

வீட்டுக்குள் வந்ததும் கத்திவிட்டேன் அக்கா. அந்தப் பிள்ளையிடம் நான் அப்படிக் கத்தியதே இல்லை. அம்மா அங்கே படுத்திருக்கிறாள், என் வேலை போய்விடும் போலிருக்கிறது, நீ என்னைப் பைத்தியக்காரன் ஆக்குகிறாய் என்று என்னென்னவோ கத்தினேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. போய்த் தன் படுக்கையில் ஓர் அட்டையை மாட்டிவிட்டு, உள்ளே படுத்துச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் எல்லாப் பொருளையும் படுக்க வைத்திருக்கிறாள், எல்லாவற்றுக்கும் டாக்டர் எந்திரிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அவள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் இத்தனை பாடு. நான் இதை இத்தனை நாளாகப் பார்க்கவில்லை, அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டவனிடம் ஒரு பிள்ளை இருக்கலாமா, நீங்களே சொல்லுங்கள். நாளைக்கு அவள் ஆறாவது மாடி ஜன்னலில் ஏறி அட்டை மாட்டுவாள், நான் பேனாவைத் தேடிக்கொண்டிருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன், வந்து அழைத்துக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டில் லிஃப்ட் இல்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

சில விஷயங்களை மட்டும் மறக்காமல் கவனியுங்கள். காலைச் சுவரில் வைத்தால்தான் தூங்குவாள், ஆகவே கட்டிலைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். முட்டையில் மஞ்சளைத் தின்றுவிட்டு வெள்ளையை யாருக்காவது எடுத்து வைப்பாள், யாருக்கு என்று கேட்காதீர்கள், பதில் நீளும். தலை வாரும்போது சீப்புக்கு வலிக்கிறதா என்று முதலில் சீப்பிடம் கேட்க வேண்டும். சட்டையைத் தலை வழியாகப் போடும்போது உள்ளே ஒரு நிமிஷம் நின்றுகொண்டு, யாரும் வீட்டில் இல்லையா என்று கூப்பிடுவாள், "இருக்கோம், வாங்க" என்று சொன்னால்தான் தலை வெளியே வரும். சொல்லாவிட்டால் வராது, நான் ஒருநாள் சொல்லாமல் இருந்து பார்த்துவிட்டேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் காரணமில்லாமல் கொஞ்ச நேரம் மௌனமாக இருப்பாள், அது அவள் அம்மா வேலையிலிருந்து வருகிற நேரம். அப்போது எதுவும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும். மாமா ஏதாவது வேடிக்கை காட்டுகிறேன் என்று கிளம்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமாவுக்கு என் வணக்கம். மருமகன்கள் இருவரும் நன்றாகப் படித்து நீண்ட ஆயுளோடு இருக்கட்டும். என் மனைவிக்காகவும் வரப்போகிறவருக்காகவும் உங்கள் ஆசீர்வாதத்தை வேண்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமைக்காக வாசலைப் பார்த்தபடி இருக்கும்,

தங்கள் அன்புத் தம்பி

பின்குறிப்பு: அக்கா, ஞாயிற்றுக்கிழமை வராதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும், ஆனால் பென்சிலைச் சீவிச் சீவி இவ்வளவு எழுதியதை வீணாக்க மனம் வரவில்லை. கடிதத்தை மடிக்கும்போது அவள் எழுந்துவிட்டாள். அருகில் உட்காரவைத்துப் பக்குவமாகச் சொன்னேன், நீ ஐந்து வாரம் அத்தை வீட்டில் இருக்க வேண்டும், அத்தை வந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று. உள்ளே போய்ச் சின்னப் பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தாள், வெகுநேரம் எதையோ அடுக்கினாள். போய்ப் பார்த்தேன். என் சட்டை இரண்டு, என் பனியன், என் மூக்குக்கண்ணாடிக் கூடு, என் ஷேவிங் பிரஷ்.

"என்ன மேஸ்திரி, எல்லாம் என்னோடதா இருக்கு?"

"நான் போனா உங்கள யாரு பாத்துக்குவா? அதான் யோசிச்சேன். நீங்க போங்க. நான் வாத்தியார் தாத்தா கூட இருந்துக்கறேன். நான் ஒழுங்காத்தான இருக்கேன்? நீங்கதான் சாப்பிடறதில்ல, தூங்கறதில்ல, கத்தறீங்க. அத்தை நல்லாப் பாத்துக்குவாங்க. அஞ்சு வாரந்தான். அம்மா வந்தா நான் சொல்லிக்கறேன்."

அக்கா, அவள் சொன்னதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. தரையில் உட்கார்ந்து கெஞ்சினேன், நானும் இங்கேயே இருந்துக்கறேனே என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடறேன்."

"கத்த மாட்டீங்களே?"

"கத்தவே மாட்டேன்."

சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்தாள். கண்ணாடிக் கூட்டையும் கொடுத்துவிட்டாள். ஷேவிங் பிரஷ் மட்டும் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வாளாம். அன்றைக்குப் பார்த்து நீங்கள் வாசலில் வந்து நின்றுவிடாதீர்கள் அக்கா, உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.